ஒருமுறை போட்டால் போதுமா?

‘16 கோடி ரூபாய் ஊசி’ என்றால் தமிழகத்தில் இன்று யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. எஸ்எம்ஏ எனப்படும் தண்டுவடத் தசைச் சிதைவு நோயுடன் பிறந்த குழந்தைகளுக்காகப் பெற்றோர் இணையத்தில் உதவி கேட்டதும், முகம் தெரியாதவர்கள் நூறும் ஐந்நூறுமாக அனுப்பியதும், மத்திய அரசு இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்ததும் 2021-இல் அடுத்தடுத்து வந்த செய்திகள். அந்த மருந்தின் பெயர் ஸோல்ஜென்ஸ்மா. 2019 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது நோவார்ட்டிஸ் நிறுவனம் அதற்கு வைத்த விலை 21.25 லட்சம் டாலர். வாழ்நாளில் ஒரே ஒருமுறை போட்டால் போதும் என்பது அதன் பெருமை. விலைக்குச் சொல்லப்பட்ட நியாயமும் அதுவே.

பரம்பரை நோய்களுக்கான மரபணு சிகிச்சை முழுவதும் இந்த ஒரு வாக்குறுதியின் மேல் நிற்கிறது: பழுதான மரபணுவுக்குப் பதில் நல்லதொன்றைக் கொடுத்துவிட்டால் நோய் வேரோடு போய்விடும். இதைக் கேட்டதும் நம்பத் தோன்றுகிறது. நம்பியவர்களில் சிலருக்கு உயிர் கிடைத்திருக்கிறது, சிலருக்கு உயிர் போயிருக்கிறது. ஆகவே ‘மரபணு சிகிச்சை நல்லதா’ என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. நோய் நோயாகப் பிரித்துத்தான் எடைபோட வேண்டும்.

முதலில் அந்த ஊசிக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். எஸ்எம்ஏ முதல் வகையில் எஸ்எம்என்1 என்ற ஒரு மரபணு வேலை செய்வதில்லை. அதனால் தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் மடிந்துகொண்டே வருகின்றன. குழந்தைக்குத் தலை நிற்காது, உட்கார வராது, விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. 2017-இல் வெளியான முதல் சோதனையில் 15 குழந்தைகளுக்கு இந்த மருந்து தரப்பட்டது. 20 மாத வயதில் 15 பேரும் நிரந்தர மூச்சுக் கருவி இல்லாமல் உயிரோடு இருந்தார்கள். மருந்து கிடைக்காத காலத்து நோயாளிகளில் அந்த வயதில் அப்படி இருந்தவர்கள் 8 சதவீதம் மட்டுமே. உயர் அளவு மருந்து பெற்ற 12 பேரில் 11 பேர் துணையில்லாமல் உட்கார்ந்தார்கள், 2 பேர் நடந்தார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லை, எண்ணிக்கை சிறியது என்று குறை சொல்லலாம். ஆனால் நூற்றுக்கு எட்டு எங்கே, பதினைந்துக்குப் பதினைந்து எங்கே! இந்த இடைவெளியை மறுக்க முடியாது.

ஆனாலும் பன்னிரண்டு பேரில் இருவர்தானே நடந்தார்கள்? மடிந்த நரம்பு செல்லை எந்த மரபணுவும் திருப்பிக் கொண்டுவராது. மிச்சமிருப்பதைத்தான் மருந்து காக்கும். நோய்க்குறி தெரியும் முன்பே சிகிச்சை பெற்ற குழந்தைகள் பிற்காலச் சோதனைகளில் பெரும்பாலும் உரிய வயதில் நடந்திருக்கிறார்கள். அதாவது இந்த மருந்தின் முழுப் பலனும் பிறந்த சில நாட்களில் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தைச் சார்ந்திருக்கிறது. அமெரிக்க மாநிலங்களில் பிறந்த குழந்தைகளுக்கு அந்தப் பரிசோதனை வழக்கமாகிவிட்டது. நம் ஊரில், ‘சில பிள்ளைகளுக்குத் தலை நிற்க நாளாகும்’ என்ற ஆறுதலில் முதல் சில மாதங்கள் போகின்றன. நோய் இன்னதென்று தெரிந்தபின் 16 கோடி சேர்க்க இன்னும் சில மாதங்கள். பணம் சேர்ந்து ஊசி வரும்போது அது காப்பாற்றியிருக்கக்கூடிய செல்களில் பெரும்பங்கு போய்விட்டிருக்கும். ஈர மனதோடு பணம் அனுப்பியவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஓர் ஊசியின் விலையில் எத்தனை ஆயிரம் பச்சிளம் குழந்தைகளைப் பரிசோதிக்கலாம் என்ற கணக்கை எந்த அரசும் மக்கள் முன் வைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

போட்டியாக வேறு மருந்துகளும் வந்துவிட்டன. ரிஸ்டிப்ளாம் தினமும் வாய்வழியாகக் கொடுக்கும் மருந்து. அது மரபணுவை மாற்றுவதில்லை, உடலில் இருக்கும் மாற்று மரபணுவை அதிகம் வேலைசெய்ய வைக்கிறது. ரோஷ் நிறுவனம் ஒரு புட்டிக்கு 6 லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கிவந்த அந்த மருந்தை, 2025 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனம் 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. வாழ்நாள் முழுதும் சாப்பிட வேண்டிய மருந்தைவிட ஒரே ஊசி மலிவு என்ற வாதம் இந்தியாவில் அன்றோடு வலுவிழந்தது.

மரபணு சிகிச்சைத் துறைக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. 1990 செப்டம்பரில் அமெரிக்காவில் நோய் எதிர்ப்பாற்றல் இல்லாமல் பிறந்த நான்கு வயதுச் சிறுமிக்குத் தரப்பட்டதே முறையான முதல் சிகிச்சை. 1999 செப்டம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சோதனையில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் இறந்தார். கல்லீரல் நொதிக் குறைபாடு உள்ளவர் அவர். மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடுமாக ஓரளவு நன்றாகவே வாழ்ந்துகொண்டிருந்தார். மரபணுவைச் சுமந்து வந்த வைரஸை அவருடைய உடல் பெரும் சீற்றத்தோடு எதிர்த்தது. அதே காலத்தில் பாரிஸில் மருத்துவர்கள் அலேன் ஃபிஷரும் மரீனா காவஸானாவும் எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைகளைக் கண்ணாடிக் கூண்டிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். உலகம் கொண்டாடியது. சில ஆண்டுகளில் அந்தக் குழந்தைகளில் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. புகுத்திய மரபணு, புற்றைத் தூண்டும் ஒரு மரபணுவின் பக்கத்தில் போய் அமர்ந்திருந்தது.

இவை பழைய கதைகள், இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லக் கேட்கிறோம். அது முழு உண்மை அல்ல. மூளையின் வெண்பொருளை அழிக்கும் அட்ரினோலூக்கோடிஸ்ட்ரஃபி என்ற சிறுவர் நோய்க்கு 2022-இல் அனுமதி பெற்றது ஸ்கைசோனா. அதன் சோதனைகளில் சிகிச்சை பெற்ற 67 பேரில் 7 பேருக்கு ரத்தப் புற்று சார்ந்த நோய் வந்ததாக 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. பத்தில் ஒருவர். சிகிச்சை இல்லாவிட்டால் சிறுவன் சில ஆண்டுகளில் பார்வை, பேச்சு, நினைவு எல்லாம் இழந்து இறப்பான் என்ற நிலையில், பொருந்தும் மஜ்ஜைக் கொடையாளரும் கிடைக்காத குடும்பம் அந்த ஆபத்தை ஏற்கலாம். வேறு வழி இருக்கும் நோயாளி ஏற்கக் கூடாது. ஆபத்து ஒன்றேதான், எந்த நோய்க்கு எதிரே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து தீர்ப்பு மாறுகிறது.

வென்ற நோய்களையும் தோற்ற நோய்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. மருந்து எட்டிப் பிடிக்கக்கூடிய உறுப்பு, கொஞ்சம் புரதம் கிடைத்தாலே போதும் என்ற நோய், இவை சேர்ந்த இடத்தில் வெற்றி. கண் அப்படிப்பட்ட உறுப்பு. சிறியது, மூடியது, உடலின் எதிர்ப்புப் படை அதிகம் எட்டாதது. ஆர்பிஇ65 மரபணுக் குறையால் பார்வை மங்கும் குழந்தைகளுக்கு 2017 டிசம்பரில் லக்ஸ்டர்னா வந்தது. இரவில் தடுமாறிய பிள்ளைகள் மங்கிய வெளிச்சத்தில் வழி கண்டு நடந்தார்கள். ஆனால் இது ஒரு மரபணுவின் கோளாறுக்கு மட்டுமான மருந்து. பரம்பரைப் பார்வைக் குறையை உண்டாக்கும் மரபணுக்களோ நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

ரத்தம் இன்னும் வசதியானது, வெளியே எடுக்கலாம். மஜ்ஜையின் மூல செல்களை எடுத்து, ஆய்வகத்தில் திருத்தி, சோதித்து, திருப்பிச் செலுத்தலாம். கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரிக்காக ஷார்பெந்தியேவும் டௌட்னாவும் 2020-இல் நோபல் பெற்றார்கள். மூன்றே ஆண்டுகளில், 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும், அந்த முறையில் அமைந்த காஸ்ஜெவிக்கு அனுமதி கிடைத்தது. அரிவாள் செல் நோயில் பழுதான மரபணுவை அது தொடுவதே இல்லை. கருவில் இருக்கும்போது நாம் எல்லோரும் பயன்படுத்திய ஹீமோகுளோபினைப் பிறந்தபின் நிறுத்திவைக்கும் பிசிஎல்11ஏ என்ற பூட்டைத் திறந்துவிடுகிறது. அழகான யோசனை. அமெரிக்க அனுமதிக்காக மதிப்பிடப்பட்ட 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து ஓராண்டாவது கடும் வலித்தாக்கம் வரவில்லை. அடிக்கடி மருத்துவமனைக் கட்டிலில் துடித்தவர்களுக்கு இது மறுபிறப்பு.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையைப் பணத்தில் மட்டும் அளக்கக் கூடாது. திருத்திய செல்களுக்கு இடம் வேண்டுமென்றால் உடலில் இருக்கும் மஜ்ஜையைப் புசல்ஃபான் என்ற கடும் மருந்தால் அழிக்க வேண்டும். வாரக்கணக்கில் தனியறை, வாய்ப்புண், தொற்று அபாயம், கருவுறும் திறனை இழக்கும் வாய்ப்பு. இருபது வயதுப் பெண்ணிடம் இதை எப்படி விளக்குவது என்பது மருத்துவருக்கு ஆய்வகத்தைவிடக் கடினமான வேலை. ‘ஒரே முறை’ என்ற சொல்லுக்குள் இவ்வளவும் அடக்கம். அமெரிக்காவில் இதற்கு 22 லட்சம் டாலர். அதே நோய்க்கு அதே நாளில் அங்கே அனுமதி பெற்ற லிஃப்ஜீனியா என்ற மருந்துக்கு 31 லட்சம் டாலர்.

தசைக்கு வருவோம். டுஷேன் தசைச் சிதைவு நோய் பையன்களைத் தாக்குகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தவன் பத்துப் பன்னிரண்டு வயதில் சக்கர நாற்காலிக்கு வருகிறான். அதற்குக் காரணமான டிஸ்ட்ரோஃபின் மனித மரபணுக்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. புரதத்துக்குத் தேவையான குறிப்பை மட்டும் எடுத்தாலும் சுமார் 11,000 எழுத்துகள். சுமந்து செல்லும் ஏஏவி வைரஸில் இடம் இருப்பது ஏறத்தாழ 4,700 எழுத்துகளுக்கு. ஆகவே மரபணுவை வெட்டிக் குறுக்கி ‘மைக்ரோ டிஸ்ட்ரோஃபின்’ என்று ஒன்றைச் செய்தார்கள். இயற்கையில் இல்லாத அந்தக் குட்டைப் புரதம் தசையில் தோன்றியதையே பலனுக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு, 2023 ஜூனில் அமெரிக்கா சரெப்டா நிறுவனத்தின் எலிவிடிஸுக்கு விரைவு அனுமதி தந்தது. விலை 32 லட்சம் டாலர். அதே ஆண்டு அக்டோபரில் 125 சிறுவர்களிடம் நடந்த ஒப்பீட்டுச் சோதனையின் முடிவு வந்தது. முதன்மை இலக்கில் மருந்து தோற்றது. தசைத்திறன் மதிப்பெண்ணில் மருந்து பெற்றவர்களுக்கும் வெறும் ஊசி பெற்றவர்களுக்கும் இருந்த வேறுபாடு ஒரு புள்ளிகூட இல்லை.

அதன்பின் நடந்ததை நான் இந்தத் துறையின் மிகப் பெரிய சறுக்கலாகக் கருதுகிறேன். 2024 ஜூனில், தன் துறை விஞ்ஞானிகளின் எதிர்ப்பை மீறி அமெரிக்க மருந்து அமைப்பின் உயரதிகாரி பீட்டர் மார்க்ஸ் அனுமதியை விரிவாக்கினார். நடக்க முடியாத, வயதில் மூத்த, உடல் எடை கூடிய பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. எடை கூடக்கூட வைரஸின் அளவும் கூடும், அதைச் சுமக்கும் கல்லீரலின் பாடும் கூடும். 2025-இல் நடக்க முடியாத இரண்டு பதின்வயதுப் பையன்கள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். அந்த ஆண்டுக்குள்ளேயே பயன்பாடு நடக்கக்கூடிய சிறுவர்களோடு நிறுத்தப்பட்டது, கடும் எச்சரிக்கையும் சேர்ந்தது. பெற்றோரின் தவிப்பு புரிகிறது. மகன் ஒவ்வொரு மாதமும் பலம் இழப்பதைப் பார்க்கும் தாய் ‘காத்திருங்கள்’ என்ற சொல்லை எப்படித் தாங்குவார்? ஆனால் அந்தத் தவிப்பை ஆதாரத்துக்குப் பதிலாக வைக்க ஓர் அரசு அமைப்புக்கு உரிமை இல்லை. இன்னொரு கொடுமையும் உண்டு. ஏஏவி வைரஸை ஒருமுறை கண்ட உடல் அதற்கு எதிர்ப்பொருள் செய்துவிடும். நாளை இதைவிட நல்ல மருந்து அதே வகை வைரஸில் வந்தால், இன்று அரைகுறை மருந்தை வாங்கிய பையனுக்கு அது பயன்படாமல் போகலாம்.

அடுத்த கேள்வி, பலன் எத்தனை நாள் நிற்கும்? ஹீமோபிலியா என்ற ரத்தம் உறையாமை நோயில் இதற்கு இரண்டு விதமான பதில் இருக்கிறது. ஒன்பதாம் உறைகாரணி குறையும் பி வகையில், 2010-இல் லண்டனில் தொடங்கிய சோதனையில் மரபணு பெற்ற 10 பேரைச் சராசரியாக 13 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். காரணி அளவு குறையாமல் நிற்கிறது, ரத்தக்கசிவு வெகுவாகக் குறைந்திருக்கிறது. எட்டாம் காரணி குறையும் ஏ வகைதான் அதிகம் காணப்படுவது. அதற்கு வந்த ராக்டேவியனில் முதல் ஆண்டு ஏறிய அளவு பின்னர் ஆண்டுதோறும் சரிந்தது. எட்டாம் காரணியை இயல்பாகச் செய்பவை கல்லீரலின் நுண்குழாய்ச் சுவர் செல்கள். மருந்து போய்ச் சேர்வதோ அதற்குப் பழகாத ஈரல் செல்களுக்குள். 29 லட்சம் டாலர் விலையிட்ட ‘ஒரே முறை’ மருந்து சில ஆண்டுகளில் தேய்கிறது என்றால், மாதம் ஒருமுறை தோலடியில் போட்டுக்கொள்ளும் எமிசிசுமாபை விட்டு நோயாளி ஏன் வருவார்? வரவில்லை. 2024-இல் ராக்டேவியனைச் செய்த நிறுவனம் அதன் விற்பனையை மூன்று நாடுகளுக்குள் சுருக்கிக்கொண்டது.

இந்த இடத்தில் வேலூர் வருகிறது. சிஎம்சி மருத்துவமனையில் அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையிலான குழு, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, ஹீமோபிலியா ஏ நோய்க்குக் கல்லீரலை விட்டுவிட்டு மஜ்ஜையின் மூல செல்களுக்குள் எட்டாம் காரணியின் மரபணுவைப் புகுத்தியது. மூல செல்கள் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்பவை, ஆகவே பலன் தேயாது என்பது கணக்கு. 22 முதல் 41 வயது வரையிலான ஐந்து பேருக்குச் சிகிச்சை தந்த முடிவு 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. சிகிச்சைக்குப் பின் ஐவருக்கும் ரத்தக்கசிவு ஆண்டுக்குச் சுழியம். மரபணு உள்ளே ஏறுவதற்குத் துணைப்பொருள் சேர்த்த மூவரிடம் காரணி அளவு ஏறத்தாழ 20 முதல் 40 சதவீதம் வரை நின்றது. கடும் நோயில் அது ஒன்றுக்கும் கீழ்.

நம் ஊர்ச் சாதனை என்பதால் தராசை இளக்கிவிடக் கூடாது. ஐந்து பேர்தான். தொடர்ந்து பார்த்த காலத்தின் இடைநிலை அளவு 14 மாதங்கள்தான். மஜ்ஜையை அழிக்கும் கடும் மருந்து இங்கும் உண்டு. மூல செல்லின் மரபுத்தொகுதிக்குள் அந்நிய மரபணு நிரந்தரமாகக் குடியேறுவதால், ஸ்கைசோனா எழுப்பிய கேள்வி இங்கும் எழும். இத்தகைய சிகிச்சைகளில் நோயாளிகளை 15 ஆண்டுகள் கண்காணிக்கச் சொல்வது அதனால்தான். ஹீமோபிலியாவுக்கோ உறைகாரணி ஊசி இருக்கிறது, தமிழக அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் முறையான தடுப்பு ஊசி இல்லாமல், கசியும்போதெல்லாம் ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு, முப்பது வயதில் முட்டி மடங்காமல் வாழும் ஆளுக்கு அந்த இலவசம் முழுத் தீர்வு அல்ல. அவரைக் கணக்கில் எடுத்தால் வேலூர் முயற்சி தொடர வேண்டும் என்பதே என் முடிவு, ஐம்பது பேருக்கும் ஐந்து ஆண்டுகளுக்குமாக. இப்போதே அதை ‘குணமாக்கிவிட்டோம்’ என்று எழுதுவது அந்த ஐவருக்கும் செய்யும் தீங்கு.

வேலை செய்யும் மருந்துகளும் சந்தையில் ஏன் நிலைப்பதில்லை என்பதையும் பார்த்தாக வேண்டும். ஐரோப்பா 2012-இல் அனுமதித்த முதல் மரபணு மருந்து கிளைபெரா. விலை பத்து லட்சம் யூரோவுக்கு மேல். சோதனைகளுக்கு வெளியே ஒரே ஒரு நோயாளிக்கு விற்று, 2017-இல் மறைந்தது. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கான ஸின்டெக்லோ 15.8 லட்சம் யூரோ கேட்டது. ஜெர்மனி அவ்வளவு தர மறுத்தது, நிறுவனம் ஐரோப்பாவை விட்டே வெளியேறியது. ஃபைசரின் ஹீமோபிலியா பி மருந்து 2024-இல் அனுமதி பெற்று 2025-இல் கைவிடப்பட்டது. அரிய நோய், ஆளுக்கு ஒரே முறை, அதனால் வாங்குவோர் குறைந்துகொண்டே போகும் வணிகம். இதைப் பங்குச் சந்தையின் கையில் விட்டால் நடப்பது இதுதான். மாற்றுவழியை இத்தாலி காட்டியது. எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைகளுக்கான ஸ்ட்ரிம்வெலிஸை நிறுவனங்கள் கைகழுவியபோது, 2023-இல் டெலிதான் என்ற அறக்கட்டளை அந்த மருந்தின் பொறுப்பைத் தானே ஏற்றது. இங்கே ஐஐடி பம்பாயில் பிறந்த நெக்ஸ்கார்19 ரத்தப் புற்றுக்கான மருந்து, பரம்பரை நோய்க்கானது அல்ல. ஆனால் செல்லை எடுத்து மரபணு புகுத்தித் திருப்பிச் செலுத்தும் கைத்திறன் அதேதான். மேல்நாட்டில் கோடிகளில் இருப்பதை அது லட்சங்களுக்குக் கொண்டுவந்தது. ஆகவே இந்த விலைகள் விஞ்ஞானம் விதித்தவை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இன்னொரு தட்டில் வைக்க வேண்டியவை தடுப்பும் மஜ்ஜை மாற்றும். இத்தாலியின் சார்தீனியா தீவு, மணமாகும் இணைகளுக்குப் பரிசோதனையும் ஆலோசனையும் தந்து தலசீமியாவுடன் பிறக்கும் குழந்தைகளை, 250-க்கு ஒன்று என்ற நிலையிலிருந்து 4,000-க்கு ஒன்று என்ற நிலைக்குக் கொண்டுவந்தது. அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் இன்னும் உள்ள தமிழ்நாட்டில் இதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை. பொருந்தும் உடன்பிறப்பு இருந்தால் மஜ்ஜை மாற்று தலசீமியாவைக் குணமாக்கும், செலவு மரபணு சிகிச்சையில் மிகச் சிறு பங்கு. ஆனால் தடுப்பு, பிறந்துவிட்ட பிள்ளைக்கு எதையும் தருவதில்லை. உடன்பிறப்பு பொருந்தும் வாய்ப்போ நான்கில் ஒன்று. மிச்சமுள்ளவர்களுக்காகத்தான் மரபணு சிகிச்சை வேண்டும். அந்த அளவில் அதன் தேவை உண்மையானது.

2025-இல் ஃபிலடெல்ஃபியாவில் கேஜே முல்டூன் என்ற கைக்குழந்தைக்கு, உயிரைக் குடிக்கும் கல்லீரல் நொதிக் குறைக்காக, அவனுடைய மரபணுப் பிழைக்கென்றே ஒரு மருந்தை ஆறு மாதத்தில் வடிவமைத்துக் கொடுத்தார்கள். வைரஸ் இல்லை, கொழுப்புத் துளியில் ஏற்றியது, மூன்று தவணையாகத் தந்தது. ‘ஒரே முறை’ என்ற பிடிவாதத்தை விட்டதே அதன் பலம். ஒற்றைக் குழந்தையை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் மைக்ரோ டிஸ்ட்ரோஃபினைவிட இந்தப் பாதையில்தான் நான் நம்பிக்கை வைக்கிறேன்.

ரத்தத்திலும் கண்ணிலும், நோய்க்குறி காணும் முன்பே பிடித்த பச்சிளம் குழந்தைகளிலும் மரபணு சிகிச்சை தன் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறது. தசையில் காப்பாற்றவில்லை. ஹீமோபிலியாவில் பாதி. ஒரே முறை போதும் என்பதை ஒரு மருந்து பத்தாண்டுகளாவது நிரூபிக்கும் வரை, அதற்காகக் கேட்கும் முழு விலையை எந்த அரசும் முன்பணமாகத் தரக் கூடாது, பலன் நிற்கும் ஆண்டுக்கு ஆண்டு தரலாம். அதைவிட, ரத்த நோய்களுக்கான வைரஸையும் செல்லையும் பொதுப்பணத்தில் இங்கேயே செய்ய வேலூர் போன்ற இடங்களுக்குப் பணம் தர வேண்டும்.

இந்தியாவில் அரிவாள் செல் முதலில் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952-இல். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை அவர்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்கிறது. அங்குள்ள பணியர், குறும்பர் பிள்ளைகளுக்கு இன்று வேண்டியது ஹைட்ராக்ஸியூரியா என்ற மலிவான மாத்திரை, தடையில்லாமல், ஒவ்வொரு மாதமும். நாளை இந்திய மண்ணில் அரிவாள் செல்லுக்கான மரபணுச் சோதனை தொடங்கினால் முதல் இடங்களில் சில அவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும், வலுக்கட்டாயமில்லாமல், அவர்கள் மொழியில் கருவுறுதல் ஆபத்து வரை எல்லாம் சொல்லி. சோதனைக்கு உடல் கொடுத்த சமூகத்துக்கே பின்னர் மருந்து எட்டாத விலையில் போகுமென்றால் அந்தச் சோதனைக்கு நான் ஆதரவு தர மாட்டேன்.